ஸ்டெம் செல் மாற்று: யாருடைய செல், யாருக்கு?

தண்டையார்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு மாதத்துக்கு இரண்டு பேராவது ரிப்போர்ட் கவரோடு வருவார்கள். முப்பது வருஷம் இரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. டாக்டர் பத்து நிமிஷத்தில் சொன்னதை நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்வேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டார் வந்தார்கள். காசிமேட்டிலிருந்து ஒரு குடும்பம்: 26 வயதுப் பையன், ஐஸ் கம்பெனியில் வேலை, ஏ.எம்.எல். என்ற இரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கிவிட்டது. அது திரும்பி வராமலிருக்க வேறொருவருடைய ஸ்டெம் செல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா பொருந்தவில்லையாம். செல் கொடுக்கப் பெயர் பதிந்தவர்களின் பதிவேட்டில் ஆள் தேடுவதா, அம்மாவுடையதைப் பாதிப் பொருத்தமாக எடுப்பதா என்று வீட்டில் இரண்டு கட்சி.

இரண்டாவது வியாசர்பாடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற 60 வயதுக்காரருக்கு மைலோமா. அவருடைய செல்லையே எடுத்து அவருக்கே திருப்பி ஏற்றப் போகிறார்கள். மகள் கேட்டாள்: “கெட்டுப்போன ரத்தத்தை எடுத்து மறுபடியும் அதையே நைனாவுக்கு ஏத்துவாங்களா அங்கிள்? தம்பி குடுக்க ரெடியா இருக்கான். அவன்கிட்ட எடுத்தா என்ன?”

நியாயமான கேள்வி. இரண்டு வீட்டிலும் ‘ஸ்டெம் செல் மாற்று’ என்ற ஒரே பெயர்தான் எழுதியிருக்கிறது. உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு. குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

## பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் உலை. அங்கே இருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் பிறக்கின்றன. தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். வார்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வெள்ளையணுக்கள் கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொண்டால் அது லுக்கேமியா. வளராத இளம் செல்லாகவே வாரக்கணக்கில் பாய்வது அக்யூட்: ஏ.எம்.எல்., ஏ.எல்.எல். என்ற இரண்டு. வருஷக்கணக்கில் ஊர்ந்து வருவது க்ரானிக்: சி.எம்.எல்., சி.எல்.எல். நெறிகட்டும் இடங்களில் கட்டியாக எழுவது லிம்ஃபோமா. ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல் கெட்டுப்போய் எலும்பையும் சிறுநீரகத்தையும் அரிப்பது மைலோமா.

அக்யூட் லுக்கேமியாவில் ‘ரெமிஷன்’ என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மஜ்ஜையில் கெட்ட இளம் செல்கள் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, இரத்தக் கவுண்ட், அதாவது நல்ல அணுக்களின் எண்ணிக்கை, ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மைக்ரோஸ்கோப்பில் தெரியாத மிச்சத்தைத் தேடும் சோதனைக்கு எம்.ஆர்.டி. என்று பெயர். அடுத்து என்ன செய்வது என்று டாக்டர்கள் பேசும்போது இந்த மூன்றெழுத்து கட்டாயம் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது பொருத்தம் எத்தனைக்கு எத்தனை என்று. நான் அதை மூன்றாவதாக வைப்பேன். முதல் கேள்வி, புதிய செல் என்ன வேலைக்கு வருகிறது: கீமோ காலி செய்த மஜ்ஜையை நிரப்பவா, மிச்ச நோயைத் தேடிக் கொல்லவா? இரண்டாவது, நோய் அடங்கியிருக்கும் காலத்துக்குள் செல் கைக்கு வருமா? அதற்குப் பிறகு பொருத்தம். அப்புறம், வந்த செல் உடம்போடு சண்டை போடும் அபாயம், தொற்று அபாயம். கடைசியாக, ஆஸ்பத்திரி பேக்கேஜுக்கு வெளியே ஆகும் பணமும், செல் ஏற்றிய பிறகு நூறு நாள் கூட இருக்க ஓர் ஆளும், ஒதுக்க ஓர் அறையும்.

## மாற்றே வேண்டாம் என்பதும் ஒரு வழி

இதை யாரும் ஒரு தேர்வாக எண்ணுவதில்லை. சி.எம்.எல். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்று மாத்திரையே போதும். இமாட்டினிப் என்ற அந்த மாத்திரை 2001-இல் வந்தது. 2013-இல் அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் காப்புரிமை மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால், இங்கே அது குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கிறது. ஏ.எம்.எல்.லிலேயே ஏ.பி.எல். என்ற ஒரு வகைக்கு, ஆட்ரா என்ற மாத்திரையும் ஆர்செனிக் ஊசியும் சேர்ந்து பெரும்பாலானவர்களைக் குணமாக்கிவிடும். குழந்தைகளின் ஏ.எல்.எல்.லிலும் பலருக்கு இரண்டு, இரண்டரை வருஷக் கீமோவே முழு சிகிச்சை.

ஆகவே, “மாற்று செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்த ரிசல்ட்டை வைத்து இது வேண்டும் என்கிறீர்கள்?” என்று டாக்டரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

## சொந்த செல்

இதற்கு ஆட்டோலோகஸ் என்று பெயர். வார்டில் ‘ஆட்டோ’. வியாசர்பாடி மகளின் கேள்விக்குப் பதில் இதுதான்: மைலோமாவில் ஆயுதம் மெல்ஃபலான் என்ற மருந்து. அதை மிக உயர்ந்த அளவில் கொடுத்தால் நோயோடு சேர்ந்து மஜ்ஜையும் கருகிவிடும். அதனால் முதலில் சில மாதம் மருந்து கொடுத்து நோயை இறக்கி, பிறகு ஊசி போட்டு ஸ்டெம் செல்லை இரத்தத்துக்கு வரவழைத்து மெஷினில் பிரித்து எடுத்து வைக்கிறார்கள். மெல்ஃபலான் கொடுத்த பிறகு அதைத் திருப்பி ஏற்றுகிறார்கள். செல் இங்கே விதைநெல் மாதிரி. களையைப் பிடுங்குவது மருந்து.

உறைய வைத்த செல் என்றால், ஏற்றும் அன்று அறை முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும். உறைகாப்பு ரசாயனத்தின் வேலை, பயப்பட வேண்டாம். மைலோமாவுக்குச் சில இடங்களில் உறைய வைக்காமல் 4 டிகிரி குளிரிலேயே இரண்டு மூன்று நாள் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். செலவு குறைகிறது.

இதில் ஆள் தேட வேண்டாம், செல்லுக்கும் உடம்புக்கும் சண்டை இல்லை. பத்திலிருந்து பதினான்கு நாளில் கவுண்ட் ஏறத் தொடங்கும். ஆனால் மறைந்திருக்கும் விலையைச் சொல்லியே ஆகவேண்டும்: மைலோமாவில் இது பொதுவாக நோயை வேரோடு பிடுங்குவதில்லை, நீண்ட காலத்துக்கு அடக்கி வைக்கிறது. அதற்குப் பிறகும் லெனலிடோமைட் மாதிரி ஒரு மாத்திரை தொடரும். அந்த மாதச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் “ஒரே தடவை செலவு” என்று கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, தம்பி செல் ஏன் கூடாது? மைலோமாவில் அடுத்தவர் செல் வைத்தால் சிகிச்சையே ஆளைக் கொண்டுபோகும் அபாயம் கூடுதல். அதை ஈடுகட்டும் அளவுக்குப் பலன் தெளிவாக இல்லை. அதனால் அதை அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். திரும்பி வந்த லிம்ஃபோமாவிலும், மறுபடி கீமோவுக்கு அடங்கினால், பலருக்குச் சொந்த செல்தான்.

## முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு

காசிமேட்டுப் பையனுக்கு வேண்டியது வேறு. அவனுக்கு விதைநெல் மட்டும் போதாது, காவல்காரனும் வேண்டும். அடுத்தவருடைய ஸ்டெம் செல்லிலிருந்து புதிய நோய் எதிர்ப்புப் படையே பிறக்கும். ஒளிந்திருக்கும் லுக்கேமியா செல்லை அந்நியன் என்று கண்டுபிடித்து அது கொல்லும். அதே படை பையனுடைய தோல், குடல், ஈரலையும் அந்நியன் என்று நினைத்துவிட்டால் அதற்கு ஜி.வி.எச்.டி. என்று பெயர். கொஞ்சம் காவல் வேண்டும், அட்டகாசம் கூடாது. இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு தராசில்தான் நிற்கிறது. இதற்கு அடிப்படை போட்ட டோனல் தாமஸுக்கு 1990-இல் நோபல் கொடுத்தார்கள்.

அந்நியனா சொந்தக்காரனா என்று படை பார்க்கும் அடையாளம் எச்.எல்.ஏ. ஐந்து மரபணு, அப்பாவிடமிருந்து ஒரு வரிசை, அம்மாவிடமிருந்து ஒரு வரிசை: ஆக மொத்தம் பத்து. இரத்தப் பிரிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரிவு வேறாக இருந்தாலும் மாற்று செய்யலாம். பிறகு நோயாளியின் பிரிவே டோனருடையதாக, அதாவது செல் கொடுத்தவருடையதாக, மாறிவிடும். ஓ பாசிட்டிவ் ஆள் ஏ பாசிட்டிவாகத் திரும்பி வந்து ஏற்றும் இரத்தம் ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்யும் இடத்தில் எங்களைத் திணறடிப்பார்.

ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் முழுப் பொருத்தம் அமைய வாய்ப்பு 25 சதவீதம், பாதி அமைய 50, ஒன்றுமே அமையாமல் போக 25. கூடப் பிறந்தவர் இருவர் என்றால் ஒருவராவது முழுதாகப் பொருந்த 44 சதவீதம், மூவர் என்றால் 58. தாத்தா காலத்து ஏழு பிள்ளைக் குடும்பத்தில் இது பிரச்சினையாக இருந்திருக்காது. ஒன்றோடு நிறுத்திய இந்தத் தலைமுறையில்தான் கை விரிகிறது. ஆனால் தாய்மாமனைக் கட்டிய வீடு, அத்தை மகனைக் கட்டிய வீடு என்றால் அப்பாவும் அம்மாவுமே ஒரு வரிசையைப் பொதுவாக வைத்திருக்கலாம். அந்த வீடுகளில் பெற்றோரோ நெருங்கிய உறவோ முழுதாகப் பொருந்துவது உண்டு. ஆஸ்பத்திரியில் மாற்று ஏற்பாடுகளைப் பார்க்கும் கோ-ஆர்டினேட்டரிடம் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஆள் பக்கத்தில், செலவு குறைவு, வேண்டுமானால் இன்னொரு தடவையும் செல் கேட்கலாம். முழுப் பொருத்தமும் நல்ல உடம்பும் உள்ள உடன்பிறப்பு இருந்தால் பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிகிறது. இங்கே மறைந்திருக்கும் விலை வீட்டுக்குள் இருக்கிறது. “நீதான் உயிர் கொடுக்கணும்” என்று எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது ஒரு தங்கையால் பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு டாக்டர் பேச வேண்டும்.

## பதிவேட்டில் முகம் தெரியாதவர்

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்துப் பதிந்தவர்களின் பட்டியல் இது. நம் சென்னையிலேயே 2009-இல் தொடங்கிய தாத்ரி என்ற பதிவேடு இருக்கிறது. உலகப் பதிவேடுகளில் எல்லாம் சேர்த்து 4 கோடிக்கு மேல் பெயர்கள். அதைக் கேட்டதும் வரும் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான், ஏனென்றால் எச்.எல்.ஏ. வம்சாவளியோடு போகும், அந்தப் பட்டியலில் இந்தியர்கள் மிகக் குறைவு.

பத்துக்குப் பத்து கிடைத்தால் பலன் உடன்பிறப்பின் செல்லுக்குக் கிட்டத்தட்ட ஈடு. கிடைக்கும் வரைதான் சோதனை. பெயர் கம்ப்யூட்டரில் இருக்கும், ஆள் ஊர் மாறியிருப்பார். ஒப்புக்கொண்டவர் வீட்டார் பேச்சைக் கேட்டுப் பின்வாங்குவார். உறுதிச் சோதனை, உடல் பரிசோதனை, தேதி ஒத்துவருவது என்று இரண்டு மூன்று மாதம் ஓடும். அதுவரை நோயை அடக்கி வைக்க இன்னொரு சுற்று கீமோ ஆகலாம், அந்தச் சுற்றுக்கு ஒரு காய்ச்சல், ஒரு ஐ.சி.யூ. எல்லாம் சேரும். செல்லை வரவழைக்கவே தனியாகச் சில லட்சம் ஆகும். காப்பீட்டில் அது வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் ஆழமாக அடங்கி, பொருத்தமான இளம் டோனரும் தயாராக இருந்தால் இது நல்ல வழி. ஏ.எம்.எல். மாதிரி காத்திருக்கத் தெரியாத நோயில், டோனர் பெயர் திரையில் வரும் முன்னே மாதங்களைச் செலவழிக்க எனக்கு மனம் வராது.

## பாதிப் பொருத்தம்

ஹாப்லோ என்பார்கள். அம்மா, அப்பா, பெற்ற பிள்ளைகள் எல்லாரும் குறைந்தது பாதிப் பொருத்தம். உடன்பிறப்புகளில் சரிபாதிப் பேர். ஆகவே கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஓர் ஆள் இருக்கிறார், சில வாரங்களில் தயாராகிறார். ஒரு காலத்தில் இதைச் செய்தால் ஜி.வி.எச்.டி.யே ஆளை முடித்துவிடும். செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள் சைக்ளோபாஸ்பமைட் என்ற பழைய கீமோ மருந்தைக் கொடுக்கும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. புதிய படையில், நோயாளியின் உடம்பைப் பார்த்துக் கோபம் கொண்டு வேகமாகப் பெருகும் செல்கள்தான் அந்த மருந்தில் முதலில் சாகின்றன. சும்மா இருந்தவை தப்பிக்கின்றன. இவ்வளவு எளிமையான யோசனை இத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இலவசமாக ஒன்றும் வராது. கவுண்ட் ஏறச் சில நாள் கூடுதலாகும், அத்தனை நாளும் பிளேட்லெட் வேண்டும். உள்ளே தூங்கும் சி.எம்.வி. வைரஸ் விழித்துக்கொள்ளும், வாராவாரம் அதற்கு ஒரு சோதனை, ஏறினால் வாரக்கணக்கில் விலை உயர்ந்த மாத்திரை. சிறுநீரில் இரத்தம் வரும் பி.கே. வைரஸ் தொல்லையும் இதில் அதிகம். டோனருக்கு எதிரான ஆன்டிபாடி நோயாளியின் இரத்தத்தில் முன்பே இருந்தால் செல் ஒட்டாமலே போகலாம், அதனால் அந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. பல பிள்ளை பெற்ற பெண்களுக்கும் நிறைய இரத்தம் ஏற்றியவர்களுக்கும் அது இருக்க வாய்ப்பு கூடுதல்.

தொப்புள்கொடி இரத்தத்தையும் கேட்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. 1988-இல் பாரிஸில் முதல் மாற்று நடந்தது, உண்மையிலேயே உயிர் காத்த முறை. ஆனால் ஒரு கொடியில் கிடைக்கும் செல் பெரியவர் உடம்புக்குப் பெரும்பாலும் போதாது, கவுண்ட் ஏறவும் நாளாகும். குழந்தைக்கென்று தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிக்கும் திட்டம் வேறு கதை. அதே குழந்தைக்கு லுக்கேமியா வந்தால், அந்தக் கெட்ட விதை சேமித்த இரத்தத்திலேயே இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

| | செல் கைக்கு வர | கவுண்ட் ஏற | ஜி.வி.எச்.டி. | மிச்ச நோயைத் தேடிக் கொல்வது |
|---|---|---|---|---|
| சொந்த செல் | உடனே, நோய் இறங்கியதும் | 10–14 நாள் | இல்லை | இல்லை |
| உடன்பிறப்பு, முழுப் பொருத்தம் | சில வாரம் | 2–3 வாரம் | உண்டு | உண்டு |
| பதிவேடு | 2–3 மாதம், சில சமயம் கிடைக்காது | 2–3 வாரம் | உண்டு, சற்று அதிகம் | உண்டு |
| பாதிப் பொருத்தம் | சில வாரம் | சில நாள் கூடுதல் | உண்டு, மருந்தால் கட்டுக்குள் | உண்டு |

## பேக்கேஜில் எழுதாதவை

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆட்டோவுக்குப் பெரும் தாங்கல். அடுத்தவர் செல் என்றால் வார்டை விட்டு வந்த பிறகு வரும், புதிய படையை அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின், அதன் அளவு பார்க்கும் சோதனை, பூஞ்சை மருந்து, வைரஸ் மாத்திரை என்று மாதக்கணக்கில் நீளும். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். டோனரும், நோயாளி கூட இருக்கும் அட்டெண்டரும் இழக்கும் கூலியை எந்த பில்லிலும் பார்க்க முடியாது.

வீடு பெரிய செலவு. செல் ஏற்றிய நாளைப் பூஜ்யம் என்று வைத்து நூறு நாள் எண்ணுவார்கள். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியும் வரை காத்திருக்காமல் ஓட வேண்டும். வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்கள் அந்த நூறு நாளும் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார்கள், வாடகை இரட்டிப்பு. சென்னையிலேயே என்றால் திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோவில் நேராக வந்துவிடலாம், ஆனால் நோயாளியைக் கூட்டத்தில் ஏற்றாதீர்கள், அது அட்டெண்டருக்கு. ஐந்து குடித்தனத்துக்கு ஒரு கழிவறை என்ற லைன் வீட்டில் அந்த நூறு நாள் நடக்காது. பக்கத்தில் கட்டடம் இடித்தால் அந்தத் தூசியில் பூஞ்சை வரும். ஜன்னலில் புறா அடைந்தாலும் அப்படியே. காசிமேட்டு மீனை நன்றாக வேகவைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சைச் சட்னியும் தள்ளுவண்டிப் பழத்துண்டும் கூடாது.

இளவயது ஆண் என்றால் மாற்றுக்கு முன் விந்தணு சேமிப்பதைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் கூச்சப்பட்டு யாரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். நான் கேட்டதும் காசிமேட்டுப் பையன் காது சிவந்தான், ஆனால் மறுநாளே டாக்டரிடம் கேட்டிருக்கிறான்.

இன்னொன்று என் வேலை சம்பந்தப்பட்டது. அடுத்தவர் செல் வைக்கப் போகிறவருக்கு, செல் கொடுக்க வாய்ப்புள்ள சொந்தக்காரர்கள் முன்கூட்டி இரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்கக் கூடாது. நோயாளியின் உடம்பு அவர்களுக்கு எதிராகப் பழகிவிடும். என் கண்ணெதிரே ஒரு அண்ணன் பாசத்தில் மூன்று தடவை கொடுத்துவிட்டு, பிறகு அவரே டோனர் என்று தெரிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கேட்க வேண்டியது நாங்கள்தான், கேட்கவில்லை.

காசிமேட்டு ரிப்போர்ட்டை விரித்துப் பார்த்தேன். ‘பொருந்தவில்லை’ என்று அவர்கள் சொன்ன அக்காவுக்கு எதிரே பத்துக்கு ஐந்து என்று இருந்தது. அதுவும் பாதிப் பொருத்தம்தான். அவளுக்கு 29 வயது, அம்மாவுக்கு 54; டோனர் இளையவராக இருப்பது பொதுவாக நல்லது. இதை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். பதிவேட்டில் தேடல் ஒரு பக்கம் ஓடட்டும், இந்த மாதத்துக்குள் யாரும் உறுதியாகாவிட்டால் அக்காதான் என்று அவர் முடிவு சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. “செல்லு குடுத்தா பிள்ளை தங்காதாமே” என்று அத்தை ஒருத்தி சொல்லி வைத்திருக்கிறாள். நாலைந்து நாள் ஊசி, அப்போது உடம்பு வலி, ஒரு நாள் நாலைந்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுக்கை, எடுத்த செல் சில வாரத்தில் ஊறிவிடும், கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அத்தைக்கே போன் போட்டுச் சொன்னேன். மாற்று நடக்கும் வரை வீட்டில் யாரும் பையனுக்கு இரத்தம் கொடுக்கக் கூடாது, மீன்பிடித் துறைமுகத்தில் கூட வேலை செய்யும் பையன்களைக் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னேன்.

வியாசர்பாடி மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ தம்பிகிட்ட என்னன்னு சொல்றது? அவன் லீவு கூடப் போட்டுட்டான்” என்றாள். நைனாவுக்கு ஏறப் போவது சொந்த செல், ஆகவே தம்பி பிளேட்லெட் கொடுக்கத் தடையில்லை. சொந்தக்காரர் இரத்தம் என்பதால் கதிர்வீச்சுக் காட்டித்தான் ஏற்ற வேண்டும் என்று அங்கே நினைவுபடுத்தச் சொன்னேன். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் இப்போதே வரவேண்டாம், மெல்ஃபலான் கொடுத்த ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுவார்கள், லீவை அதற்கு மாற்றிக்கொள்ளச் சொல் என்றேன்.